7 லிட்டர் இயந்திரம், கேலனுக்கு 24 மைல்: 1911ஆம் ஆண்டுக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: சிப்புட் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். இவ்வாண்டு அறிவியல் விழாவுக்கு எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எரிபொருள் சிக்கனத்தைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் பால்மரக் காடாக இருந்த நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. மோட்டார் காருக்கு டயர் தேவைப்பட்டதால்தான் 1910 வாக்கில் ரப்பர் விலை ஏறி, மலாயாவில் தோட்டத்துக்கு மேல் தோட்டமாகத் திறக்கப்பட்டு, நம் முன்னோர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே அந்தக் காலத்துக் கார்களிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

படித்துக்கொண்டு வரும்போது ஓர் எண்ணில் தடுக்கி நின்றுவிட்டேன். 1911இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் 40/50 குதிரைத்திறன் கார் ஒன்று, அதாவது சில்வர் கோஸ்ட் என்று எல்லாரும் அழைக்கும் வகை, லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப் கியரிலேயே ஓடி, கேலனுக்கு 24.32 மைல் கொடுத்ததாம். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் லிட்டருக்கு 8.6 கிலோமீட்டர் வருகிறது. அதன் இயந்திரமோ 7,428 கன சென்டிமீட்டர். நம் ஊரில் ஓடும் 1.3, 1.5 லிட்டர் சிறு கார்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டால் லிட்டருக்கு 10, 11 கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை. நூறாண்டுக்கு முன், கணினியும் உணர்கருவியும் இல்லாத காலத்தில், ஐந்து மடங்கு பெரிய இயந்திரம் இவ்வளவு நெருங்கி வந்தது எப்படி? விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்ட கணக்கா, நம்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? இயந்திரத்தில் என்ன செய்திருந்தார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: தோட்டப் பட்டறை

ஆசிரியைக்கு வணக்கம். தோட்டத்துப் பட்டறையில் லோரி, டிராக்டர், புகைமூட்டுக் கொட்டகை மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய இயந்திரங்களைப் பற்றிப் படிப்பதை இன்றும் விடவில்லை. அந்த எண்ணை நீங்கள் நம்பலாம். ஆனால் எப்படிப்பட்ட ஓட்டத்தில் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் ஒரு போட்டி. அக்காலத்தில் ஆறு சிலிண்டர் கார் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது நேப்பியர்தான். அதன் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த செல்வின் எட்ஜ், ஆறு சிலிண்டரின் பெருமையை ஊரெல்லாம் பறைசாற்றியவர். நேப்பியரின் 65 குதிரைத்திறன் கார் லண்டன்–எடின்பரோ சாலையில் டாப் கியரிலேயே ஓடிக் கேலனுக்கு 19.35 மைல் கொடுத்தது. பிறகு புரூக்லேண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் மணிக்கு 76.42 மைல் வேகத்தையும் காட்டியது. ரோல்ஸ் ராய்ஸ் அதே பந்தயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, 1701 என்ற எண்ணுள்ள வண்டியை எர்னஸ்ட் ஹைவ்ஸ் என்ற இளைஞரிடம் கொடுத்து அனுப்பியது. கிடைத்தவை கேலனுக்கு 24.32 மைல், புரூக்லேண்ட்ஸில் மணிக்கு 78.26 மைல். இரண்டும் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் நடந்த சோதனைகள். அந்த ஹைவ்ஸ்தான் பிற்காலத்தில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார்.

அந்த இரண்டு எண்களையும் பிரித்துச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் முக்கியமான வேண்டுகோள். சிக்கனத்தை மட்டும் காட்ட வேண்டுமானால் எந்தப் பட்டறைக்காரனும் காட்டுவான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கி, கலவையை மெலியவிட்டு, இயந்திரம் குறைவாகச் சுற்றும்படி பின் அச்சில் நெடிய பல்விகிதத்தைப் போட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் கணக்கு அழகாக வந்துவிடும். ஆனால் அந்த வண்டி ஓட்டத்தடத்தில் மூச்சுத் திணறும். வேகத்தை மட்டும் காட்ட வேண்டுமானால் பெரிய கார்புரேட்டரைப் பொருத்திவிடலாம். அப்போது அது எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். ஒரே வண்டி இரண்டையும் செய்து காட்ட வேண்டும் என்ற விதிதான் இந்தத் தந்திரங்களுக்குக் கதவை அடைத்தது. டாப் கியரை விட்டு மாறக் கூடாது என்ற மூன்றாவது நிபந்தனையும் சேர்ந்ததால், ஊருக்குள் மனிதர் நடக்கும் வேகத்திலும் ஓட்டத்தடத்தில் முழு வேகத்திலும் அந்த இயந்திரம் ஒரே கியரில் சீராக இழுத்தாக வேண்டியிருந்தது. இன்று கார் விற்பவர்கள் தரும் சிக்கன எண்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கட்டாயம் இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்து, அன்றைய வேகம். 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனின் பொதுச் சாலையில் உச்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். எடின்பரோ ஓட்டத்தின் சராசரியும் அந்த அளவை ஒட்டியே இருந்தது. காற்றெதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். 32 கிலோமீட்டரில் காற்று ஒரு பொருட்டே இல்லை. நம் நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. உங்கள் சிறு கார் நெரிசலில் நின்று நின்று போய், குளிர்சாதனத்தையும் சுமந்துகொண்டு, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருவதையும், இடைநில்லாமல் உருண்ட அந்த வண்டியின் 8.6ஐயும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கணக்கு எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், இப்படிப் பாருங்கள். லண்டனிலிருந்து எடின்பரோ ஏறத்தாழ 400 மைல். அந்தத் தொலைவுக்கு ரோல்ஸ் ராய்ஸ் வீதத்தில் 16.4 கேலனும் நேப்பியர் வீதத்தில் 20.7 கேலனும் செலவாகும். பெட்ரோலை அளந்தவர் ஒரு முழு கேலனைத் தவறவிட்டிருந்தாலும் 24.32 என்பது 23க்குத்தான் இறங்கும். நேப்பியரை எட்ட நாலு கேலனுக்கு மேல் பிழை நேர்ந்திருக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள 32ஐப் பற்றி யாரும் வாதாடலாம். முன்னால் உள்ள 24ஐ அசைக்க முடியாது.

பதில் 2: ஈப்போ இயந்திரவியல்

ஆசிரியைக்கும் ஐயாவுக்கும் வணக்கம். தொழிற்கல்லூரியில் உள்ளெரி இயந்திரப் பாடம் எடுப்பதால் இயந்திரத்தின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில், அந்த இயந்திரம் இன்றைய அளவுகோலில் திறன் குறைந்ததுதான். சில்வர் கோஸ்டின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) தொடக்கத்தில் 3.2, எடின்பரோ வண்டிக்கு அதை 3.5ஆக உயர்த்தி, கார்புரேட்டரையும் பெரிதாக்கினார்கள். பெட்ரோல் இயந்திரம் இயங்கும் ஓட்டோ சுழற்சியின் இலட்சியத் திறனைக் கணக்கிட்டால் 3.2க்கு 37 விழுக்காடு, 3.5க்கு 39 விழுக்காடு, இன்றைய கார்களில் காணும் 10க்கு 60 விழுக்காடு கிடைக்கும். உண்மையில் கிடைப்பது இவற்றில் பாதியை ஒட்டியே இருக்கும் என்றாலும் ஒப்பீடு மாறாது. அன்று ஏன் விகிதத்தை உயர்த்தவில்லை என்றால், அக்காலப் பெட்ரோல் தாங்காது. சற்று அழுத்தினாலே கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டல் ஒலி எழும். தட்டலின் காரணத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ போன்றோர் ஆராய்ந்து தெளிவுபடுத்தியதும், ஈயக் கூட்டுப் பொருளைச் சேர்த்தால் தட்டல் அடங்கும் என்று அமெரிக்காவில் 1921இல் மிட்ஜ்லி குழு கண்டதும் பிறகு நடந்தவை. ஆக, 3.2இலிருந்து 3.5க்குப் போனது பார்வைக்குச் சிறிய மாற்றம். சிக்கனத்திலோ ஐந்தாறு விழுக்காட்டு ஆதாயம்.

இவ்வளவு பலவீனத்தோடும் அந்த எண் வந்ததற்கு முதற்காரணம் இயந்திரத்தின் மெதுவான சுழற்சி. டயரின் விட்டத்தையும் பின் அச்சின் பல்விகிதம் ஏறத்தாழ 3 என்பதையும் வைத்துப் பார்த்தால், மணிக்கு 20 மைலில் டாப் கியரில் அது நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்றுதான் சுற்றியிருக்கும். நம் கார்கள் சும்மா நிற்கும்போது சுற்றும் வேகத்தைவிட அது குறைவு. சுற்று குறைந்தால் பிஸ்டனும் பேரிங்கும் உரசி வீணாக்கும் ஆற்றல் குறைகிறது. குறைந்த சுற்றில் தேவையான இழுவையைப் பெற காற்று நுழையும் வாயான திராட்டிலைக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருப்பதால், பாதி மூடிய வாய் வழியே காற்றை உறிஞ்சுவதில் போகும் இழப்பும் குறைகிறது. பெரிய இயந்திரத்தை மெதுவாக வேலை வாங்கியதில்தான் பாதிச் சிக்கனம் அடங்கியிருக்கிறது.

ஆனால் 500 சுற்றில் குலுங்காமல் இழுக்க எல்லா இயந்திரத்தாலும் முடியாது. நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரும் காரை வடிவமைத்தவருமான ஹென்றி ராய்ஸின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு நீளமாகிறது. ஒவ்வொரு வெடிப்பும் அதைச் சிறிது முறுக்கிவிடுகிறது. முறுக்கிய தண்டு திரும்புகிறது. குறிப்பிட்ட சில சுற்றுகளில் வெடிப்பின் தாளமும் தண்டின் இயற்கைத் தாளமும் ஒத்துப்போய் அதிர்வு பெருகுகிறது. ஈரத்துணியின் இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் பிழிவதைப் போன்றதுதான் அது. தொடக்ககால ஆறு சிலிண்டர் இயந்திரங்களில் இதனால் கடகடப்பு எழுந்தது. தண்டு முறிந்ததும் உண்டு. ராய்ஸின் சொந்த 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் காரே இந்தத் தொல்லையில் சிக்கியது. 1906இல் 40/50ஐ வடிவமைத்தபோது சிலிண்டர்களை மும்மூன்றாக இரு கட்டிகளில் வார்த்து, தடித்த கிராங்க் தண்டை ஏழு பேரிங்குகளில் தாங்கவைத்து, தண்டுக்குள் துளையிட்டு மசகெண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பினார். பின்னர் தண்டின் முன்முனையில் வழுக்கிச் சுழலும் சிறு சக்கரம் ஒன்றைச் சேர்த்து அதிர்வை உரசலால் தணித்தார். அதே சிக்கலுக்குத் தீர்வு தேடிய ஆங்கிலேயக் கார்ப் பொறியாளர் லான்செஸ்டரும் 1910இல் ஓர் அதிர்வுத் தணிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். சொகுசுக்காகத் தேடிய மென்மைதான் டாப் கியரிலேயே ஊர்ந்து போகவும், அதன் வழியே பெட்ரோலை மிச்சம் பிடிக்கவும் இடம் கொடுத்தது.

கார்புரேட்டரும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வலிமை வேண்டுமானால் காற்றை 12.5 அளவுக்குக் குறைத்துக் கலவையைச் செறிவாக்க வேண்டும். சிக்கனம் வேண்டுமானால் 15, 16க்கு மெலிய விட வேண்டும். ஒரே ஜெட்டும் ஒரே அளவுக் காற்றுக்குழலும் உள்ள கார்புரேட்டர், காற்று மெதுவாகப் போகும்போது போதிய பெட்ரோலை இழுக்காது, வேகமாகப் போகும்போது அளவுக்கு மீறி இழுத்துவிடும். ராய்ஸ் இரண்டு ஜெட்டுகளையும், காற்றோட்டத்துக்கு ஏற்பத் தானே திறக்கும் காற்று வால்வையும் வைத்தார். அத்துடன் கலவையைச் செறிவாக்கவும் மெலியவைக்கவும் ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவிலேயே ஒரு நெம்புகோலும் இருந்தது. இன்று ஆக்சிஜன் உணர்கருவி செய்யும் வேலையை அன்று ஓட்டுநர் காதால் கேட்டுக் கையால் செய்தார். ஹைவ்ஸ் போன்ற ஓட்டுநரின் பங்கு அந்த 24.32இல் கணிசமாக இருந்திருக்கும் என்பது என் மதிப்பீடு.

பதில் 3: செம்பனை லோரி

வணக்கம். ஐயாவும் சாரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தினமும் பாரம் ஏற்றி ஓட்டுபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமவெளியில் டாப் கியரில் எடுத்த கணக்கு மலையில் செல்லாது, அதை அந்த நிறுவனமே பட்டறிந்தது. 1912இல் ஜேம்ஸ் ராட்லி என்பவர் தம் சொந்த சில்வர் கோஸ்டை ஆல்ப்ஸ் மலைச் சோதனை ஓட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்திரியாவின் காட்ச்பெர்க் கணவாயில் மூன்று கியர் மட்டுமே கொண்ட அந்த வண்டி ஆட்களோடு ஏற முடியாமல் நின்றுவிட்டது. பயணிகள் இறங்கிய பிறகே மேலே போனது. டாப் கியரில் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் 1909 வாக்கில் நான்கு கியரை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே நான்கு கியர் பெட்டியோடு வந்து அதே மலைகளை வென்றார்கள்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். இறங்கும்போது எண்ணெய் செலவே இல்லாததுபோல் தோன்றும்; ஏறும்போது இரண்டாம் கியரில் ஊசி இறங்குவது கண்ணுக்கே தெரியும். எனவே பிள்ளைகளின் அட்டவணையில் சாலை எப்படிப்பட்டது, பாரம் எவ்வளவு என்ற இரண்டு கட்டங்களும் இருக்கட்டும். சிக்கனத்தை மட்டுமே முன்னால் வைத்து வண்டி செய்தால் வேறொரு பக்கம் இடிக்கும் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

சிப்புட் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரு எண்களையும் சேர்த்தே சுவரொட்டியில் எழுதச் சொல்லிவிட்டேன். காட்ச்பெர்க் மலையும் இடம்பெறும். இன்னும் இரண்டு ஐயங்கள். மாணவர்கள் பெற்றோரின் காரை வைத்துத் தாங்களே ஒரு சோதனை செய்ய ஆசைப்படுகிறார்கள். எப்படி அளந்தால் நம்பகமாக இருக்கும்? இன்னொன்று, நம் வெயில் நாட்டில் பெட்ரோல் சூட்டில் விரியும் என்கிறார்களே, அதனால் கணக்குக் கெடாதா?

தோட்டப் பட்டறை

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பிள்ளைகள் கையில் பெட்ரோலைக் கொடுக்க வேண்டா. எண்ணெய் நிலையத்தில் பெற்றோரே ஊற்றட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். டாங்கியை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தொலைவை இரண்டாம் முறை ஊற்றிய அளவால் வகுப்பதுதான் முறை. இதில் பிழை நுழைவது நிரம்பியது என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான். குழாய் முனை முதல் முறை தானாக நின்றவுடன் சிலர் நிறுத்திவிடுவார்கள்; சிலர் நுரை அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள். நுரைக்குக் கீழே அரை லிட்டர் இடம் இருப்பது சாதாரணம். 10 லிட்டர் மட்டும் எரித்த சோதனையில் அந்த அரை லிட்டர் 5 விழுக்காட்டுப் பிழை. 40 லிட்டர் எரித்திருந்தால் 1.25 விழுக்காடு. எனவே நீண்ட தொலைவு ஓட்டுங்கள். இரண்டு முறையும் அதே நிலையம், அதே பம்பு, வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், முதல் முறை குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும்.

அளவைப் போலவே இடையூறுகளையும் எழுதும் பழக்கம் வரட்டும். 1907இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையில் அதே வகைக் கார் 15,000 மைல் ஓடியபோது, 629ஆவது மைலில் அதிர்ச்சியால் பெட்ரோல் குழாயின் திருகு தானே மூடிக்கொண்டு வண்டி நின்றது. அதன் பிறகு 14,371 மைல் தானாக எங்கும் நிற்கவில்லை. அற்பத் திருகு என்று அந்த நிறுத்தத்தை விட்டுவிடாமல் பதிவுசெய்தார்களே, அதனால்தான் மீதி எண்ணை இன்றும் நாம் நம்புகிறோம்.

ஈப்போ இயந்திரவியல்

சூட்டைப் பற்றிய ஐயம் நல்ல ஐயம். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும். ஸ்காட்லாந்தின் 10 பாகையில் அளந்த ஒரு லிட்டரையும் நம் ஊரின் 32 பாகையில் அளந்த ஒரு லிட்டரையும் ஒப்பிட்டால், நம்முடையதில் பொருள் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவு. நிலத்தடித் தொட்டியில் இருக்கும் எண்ணெய் நாள் முழுதும் பெரிதாகச் சூடேறுவதில்லை என்பதால், ஒரே நிலையத்தில் இரு முறை நிரப்பும் உங்கள் சோதனையில் இந்த வேறுபாடு இன்னும் சிறிது. அரை லிட்டர் நுரைதான் உங்களுக்குப் பெரிய எதிரி.

1911ஆம் ஆண்டு எண்ணோடு ஒப்பிடும்போது மட்டும் இன்னொன்றையும் கருத வேண்டும். அன்றைய பெட்ரோல் இன்றையதைவிட லேசானது. எளிதில் ஆவியாகும், ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதில் அடங்கிய ஆற்றல் சற்றுக் குறைவு. இன்றைய பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தால், கலவையைச் சரியாகப் பொருத்திய பின், 24.32 இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஐயா சொன்ன இரட்டை விதியை மாணவர்களும் கடைப்பிடிக்க ஒரு வழி உண்டு. எரிபொருளை அளக்கும் அதே ஓட்டத்தில், புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்துச் சராசரி வேகத்தைப் பக்கத்தில் எழுதட்டும். சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பழைய சாலையில் போகும் காரும் நெடுஞ்சாலையில் போகும் காரும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தந்தன என்பதை, அந்த வேகங்களோடு சேர்த்து வைத்தால், 20 மைல் வேகத்தில் காற்று ஏன் ஒரு பொருட்டில்லை என்பதை அவர்கள் தம் அட்டவணையிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.